கையில் வந்த இரட்டை ஏஸ்

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் நமக்கு உண்டு. எனினும் சூது நம் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. குறளில் 94ஆம் அதிகாரத்துக்குச் சூது என்றே பெயர். பாரதக் கதை திசை மாறுவது பகடை உருண்ட ஒரு மண்டபத்தில்தான். நளன் நாடிழந்ததும் அவ்வாறே. இக்கதைகளிலெல்லாம் நாம் காண்பவன் விழாத காயை எதிர்பார்த்து மேலும் மேலும் வைத்திழப்பவன். விழுந்த காய் நல்லதாகவே இருந்து, அந்த நன்மையாலேயே இழப்பவன் ஒருவனும் உண்டு. அவனைப் பற்றி அதிகம் பேசப்பட்டதாக நமக்குத் தெரியவில்லை. போக்கர் என்னும் ஆட்டத்தின் போட்டிக் களத்தில், தொடக்க மணி நேரங்களிலேயே அவனைத் தெளிவாகக் காணலாம். ஆகவே இக்கட்டுரை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். இன்று உலகெங்கும் பெரும்போட்டிகளில் ஆடப்படுவது டெக்ஸஸ் ஹோல்டெம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். பின்னர் மேசை நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் விரிக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, இறுதியாக ஒன்று. இவற்றை முறையே ஃபிளாப், டர்ன், ரிவர் என்பர். பொதுச் சீட்டுகள் வருமுன் ஒரு சுற்றும், ஒவ்வொரு விரிப்புக்குப் பின் ஒரு சுற்றுமாக நான்கு முறை பந்தயம் நடக்கும். கையிலுள்ள இரண்டும் நடுவிலுள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவரது பலம். முதலில் தரப்படும் இரண்டும் ஒரே எண்ணாகவோ ஒரே உருவமாகவோ அமைந்தால் அது இணை. இரண்டு ஏஸ், இரண்டு ராஜா, இரண்டு ராணி ஆகியவை பெரிய இணைகள். இரண்டு ஜாக்கை இவ்வரிசையில் சேர்ப்போரும் உண்டு; சற்றுத் தயக்கத்தோடு சேர்ப்பர்.

52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1,326 வழிகள் உள்ளன. அவற்றுள் இரட்டை ஏஸாக அமைபவை 6 மட்டுமே. அதாவது 221 கைகளுக்கு ஒருமுறை. மேசையில் நேருக்கு நேர் அமர்ந்து ஆடும் போட்டியில் மணிக்கு 25 முதல் 30 கைகளே பகிரப்படும். ஆகவே இரட்டை ஏஸ் வருவதற்குச் சராசரியாக எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏஸ், ராஜா, ராணி மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் 74 கைகளுக்கு ஒருமுறை. இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இவை சராசரிகள்தாம். முதல் கையிலேயே வருவதும் உண்டு. நாள் முழுதும் வராமற்போவதும் உண்டு.

காத்திருப்பு மனத்தில் ஒரு வேலை செய்கிறது. இரண்டு மணி நேரம் 7உம் 2உம், 9உம் 4உம் என்று குப்பைச் சீட்டுகளைக் கவிழ்த்துக் கவிழ்த்து அலுத்தவன், சீட்டின் ஓரத்தை விரலால் நிமிர்த்திப் பார்த்து இரண்டு ஏஸ்களைக் காணும்போது, அது தற்செயலாய் வந்ததென்று அவனுக்குத் தோன்றுவதில்லை. தன் பொறுமைக்குக் கிடைத்த கூலியாகத் தோன்றுகிறது. கூலி என்றால் அது முழுமையாக வந்துசேர வேண்டும் என்ற கணக்கும் உடன் வருகிறது. ஆபத்து இந்த இடத்தில் தொடங்குகிறது.

பெரிய இணைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கைக்கு வரும் அக்கணத்தில்தான் அது தன் உச்சத்தில் இருக்கிறது. அதன்பின் நடுவில் விரியும் ஒவ்வொரு சீட்டும் பிறருக்கு உதவக்கூடியது. இணை வைத்திருப்பவனுக்கு உதவுவது அரிது. ஃபிளாப்பில் தன் எண்ணில் மூன்றாவது சீட்டு வந்து, ரம்மிக்காரர்கள் செட் என்று சொல்வது போன்ற மும்மை அமைவது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒருமுறைதான். மற்ற நேரங்களில் இணை இணையாகவே நிற்கும். எதிரில் இருப்பவனின் சிறு இணை செட்டாகலாம். அடுத்தடுத்த இரு எண்கள் ஐந்தெண் வரிசையாக நீளலாம். இரட்டை ராஜா வைத்திருப்பவன் ஃபிளாப்பில் ஓர் ஏஸையாவது காணும் வாய்ப்பு 100க்கு 23. இரட்டை ராணிக்கு, தன்னைவிடப் பெரிய சீட்டொன்று விரியும் வாய்ப்பு 100க்கு 41. இரட்டை ஜாக்குக்கு 57. ஜாக்கைத் தயக்கத்தோடு சேர்ப்பதன் காரணம் இதுவே.

இக்குணத்தை உணர்ந்தவர் செய்யும் முதற்காரியம், பொதுச் சீட்டு வருமுன்னரே பந்தயத்தை உயர்த்துவது. பெரிய கை வந்தது வெளியே தெரியாதிருக்க வேண்டும் என்று பதுங்கி, கட்டாயப் பந்தயத்தளவே வைத்து, நான்கைந்து பேரை மலிவாக உள்ளே வரவிடுவது தொடக்க நிலை ஆட்டக்காரர்களை மிகவும் கவரும் உத்தி. கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. ஏதேனும் ஒரு கை வைத்திருக்கும் ஒரே எதிரியோடு இறுதிவரை சென்றால் இரட்டை ஏஸ் 100க்கு 85 முறை வெல்லும். அத்தகைய ஐந்து எதிரிகள் இருந்தால் வெற்றி ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. எட்டுப் பேர் என்றால் 35. சீட்டு அதேதான். சுற்றியுள்ள கூட்டம் பெருகப் பெருக அதன் மதிப்புக் குறைகிறது. ஆகவே தொடக்கத்திலேயே நுழைவு விலையை உயர்த்தி, ஒருவரோ இருவரோ மட்டும் எதிரே நிற்கும்படி செய்துகொள்ள வேண்டும். எல்லோரும் விலகிவிட்டால் கிடைப்பது சிறு தொகைதான். அதைப் பெற்றுக்கொண்டு அடுத்த கைக்குப் போக வேண்டும். ஏஸ் வந்தும் இவ்வளவுதானா என்று முகம் வாடுபவரை எந்த மேசையிலும் காணலாம்.

இதில் தொடக்க மணி நேரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அதை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் பின்னியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதியில் 1970இல் தொடங்கியது வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர். அதன் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2003இல் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், இணையத்தில் மிகக் குறைந்த கட்டணத்துத் துணைப்போட்டி ஒன்றில் வென்று நுழைவு பெற்று, 839 பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் முதற்பரிசான 25 லட்சம் டாலரை வென்றார். 2006இல் கலந்துகொண்டோர் 8,773 பேர். தொழில்முறை ஆட்டக்காரர்களின் தனிக்களமாக இருந்த இடத்தில் எழுத்தரும் ஆசிரியரும் ஓய்வுபெற்றவரும் வந்து அமர்ந்தனர். வாழ்நாளில் ஒருமுறை வந்திருப்பவர் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருக்க விரும்புவதில்லை. கையிலும் வேண்டிய மட்டும் வில்லைகள் இருக்கின்றன. ஆகவே தொடக்கத்தில் நீங்கள் எவ்வளவு உயர்த்தினாலும் இருவர் மூவர் உடன் வருவர். சிறு இணையோடு வருவர். எட்டும் ஏழுமாக வருவர்.

அந்த வில்லைக் குவியலின் ஆழமே இங்கு முக்கியம். 2019ஆம் ஆண்டு முதன்மைப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் 60,000 மதிப்புள்ள வில்லைகள் தரப்பட்டன. முதல் இரண்டு மணி நேரம் பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயங்கள் 100, 200. அதாவது பெரிய கட்டாயப் பந்தயத்தைப்போல் 300 மடங்கு ஒவ்வொருவர் முன்னும் இருந்தது. போட்டி முற்றியபின் பத்து இருபது மடங்கே மீந்திருக்கும் நிலையில், இரட்டை ஏஸைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வைத்துவிடுவதில் குழப்பமில்லை. 300 மடங்கு இருக்கும்போது எதிரி தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளுகிறான் என்றால், வெறும் இணையை வெல்ல முடியாத கையோடு அவன் அதைச் செய்வானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் செய்யமாட்டான். இணை ஒன்று சிறு தொகையை வெல்லும். பெருந்தொகையை இழக்கும் என்று பழகியவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019இல் கலந்துகொண்டவர்கள் 8,569 பேர். அவர்கள் கையிலிருந்த வில்லைகளின் மொத்த மதிப்பு 51 கோடியைத் தாண்டும். முதல் மணி நேரத்தில் ஒருவர் தம் 60,000த்தை இரட்டிப்பாக்கினால் அந்த 51 கோடியில் 1,20,000 அவருடையது. ஏறக்குறைய ஒன்றுமில்லை. பரிசு கிடைக்கும் 1,286 இடங்களுக்குள் வர இன்னும் சில நாள் ஆட வேண்டும். இழந்தாலோ எழுந்து செல்ல வேண்டும். முதன்மைப் போட்டியில் இழந்தவர் மீண்டும் பணம் கட்டி உள்ளே வர வழியில்லை. இரட்டிப்பின் பயன் சிறிது, இழப்போ முழுமை. வில்லைக்கும் நாணயத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கு வெளிப்படுகிறது. வென்ற வில்லையைவிட இழந்த வில்லைக்கு விலை அதிகம்.

*

இவற்றையெல்லாம் நாம் நூல்களில் மட்டும் கற்றோமில்லை. நம் அக்காவின் மகன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் மென்பொருள் பணியில் இருக்கிறான். 2019இல் அக்காவின் முதல் விமானப் பயணத்துக்குத் துணையாகக் கல்லூரியில் விடுப்பெடுத்துச் சென்றோம். சென்றதன் மெய்யான காரணம் வேறு. பையன் வார இறுதிகளில் போக்கர் ஆடுகிறான் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. “தம்பி, நான் சொன்னா கேக்கமாட்டான். நீ வாத்தியார், நீ சொல்லு” என்பதே அவளது வேண்டுகோள்.

அவளது அச்சத்துக்கு வேர் உண்டு. எங்கள் தாத்தா, அம்மாவின் தந்தை, ஒரு தீபாவளி இரவில் மூன்று சீட்டு ஆடி ஆறு மா நிலத்தை இழந்தவர். அம்மா அக்கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு விவரத்தை விடமாட்டாள். அன்று தாத்தாவின் கையில் இருந்தவை இரண்டு ஏஸும் ஒரு ராஜாவும். எதிராளியின் கையில் மூன்று நான்குகள். இரவு முழுவதும் மோசமான சீட்டோடு நாலணாவும் எட்டணாவுமாக இழந்து பொறுமையாக இருந்த மனிதர், அந்த ஒரு கைக்காகப் பத்திரத்தை எடுத்துவரச் சொன்னாராம். அம்மா பிறந்த வீட்டில் அதற்குப்பின் சீட்டுக்கட்டு நுழைந்ததில்லை. எங்கள் வீட்டிலும் இல்லை.

அவ்வாண்டு ஜூலையில் பையன் துணைப்போட்டி ஒன்றில் வென்று முதன்மைப் போட்டிக்கு நுழைவு பெற்றிருந்தான். ஃபீனிக்ஸிலிருந்து லாஸ் வேகஸுக்குக் காரில் ஐந்து மணி நேரம். அக்கா வர மறுத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். பாலைவனச் சாலையில் நாம் தாத்தாவின் கதையை அவனுக்குச் சொன்னோம். முன்பே கேட்டிருப்பான் போலும். வண்டியை ஓட்டியபடியே, “கொள்ளுத்தாத்தாகிட்ட நல்ல சீட்டு இருந்துச்சு மாமா, அதான் பிரச்சினை” என்றான். கெட்ட சீட்டில் யாரும் நிலத்தை இழப்பதில்லை என்பது அவன் கருத்து. வாத்தியாருக்கு உடனே மறுமொழி கிடைக்கவில்லை.

போட்டி அப்போது ரியோ விடுதியில் நடந்தது. கல்யாண மண்டபங்கள் பலவற்றை ஒன்றாக்கியது போன்ற கூடங்கள். நூற்றுக்கணக்கான மேசைகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரு கையால் வில்லைகளைக் கலைத்து அடுக்கிக்கொண்டே இருப்பர். அவ்வொலி ஆடி மாதத்து இரவில் தோப்பிலிருந்து வரும் சில்வண்டு ஓசையை ஒத்தது. வேடிக்கை பார்ப்போருக்கென்று கட்டிய தடுப்புக்கு இப்பால் நின்றால் முகங்கள் தெரியும், சீட்டுகள் தெரியா. பையனின் மேசை தடுப்பிலிருந்து நான்கு கெஜ தூரம்.

முதல் மணி நேரத்தின் முடிவில் ஒரு கை. பையன் உயர்த்தினான். அவனுக்கு இடப்புறம் ஓர் இளைஞனும், எதிரே தொப்பியணிந்த முதியவர் ஒருவரும் உடன் வந்தனர். நடுவில் மூன்று சீட்டு விரிந்தது. முதியவர் பந்தயம் வைக்காமல் விட, பையன் வைத்தான். இளைஞன் கவிழ்த்தான், முதியவர் ஈடு கட்டினார். நான்காம் சீட்டு வந்தது. முதியவர் மீண்டும் வைக்கவில்லை; பையன் வைத்தான். இம்முறை முதியவர் சற்று நிதானித்து, வில்லைகளை இரண்டு அடுக்காக முன்னே நகர்த்தினார். பையன் அசையாமல் இருந்தான். ஒரு நிமிடம் இருக்கலாம். பின்னர் தன் இரு சீட்டுகளையும் கவிழ்த்தபடியே பகிர்பவரை நோக்கித் தள்ளிவிட்டான். முதியவர் தம் சீட்டைக் காட்டவில்லை. பையனும் கேட்கவில்லை. அடுத்த கை பகிரப்பட்டது.

இடைவேளையில் நடையில் வந்து நின்றவன் சொன்னான். “மாமா, அது ரெண்டு ஏஸு.”

விவரத்தை வினவினோம். நடுவில் 9, 8, 6. மூன்றும் வெவ்வேறு இனம். நான்காவது 2. அவன் முதலில் வைத்தது 600, ஃபிளாப்பில் 1,200, டர்னில் 2,500. முதியவர் அதை 9,000 ஆக்கினார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒருமுறைகூட யாரையும் உயர்த்தியிருக்கவில்லை. இரண்டு 9ஓ, இரண்டு 8ஓ, இரண்டு 6ஓ வைத்திருந்தால் அவரிடம் செட். 10உம் 7உம், அல்லது 7உம் 5உம் என்றால் வரிசை முடிந்துவிட்டது. செட்டுக்கு எதிராக அவனைக் காப்பாற்ற மீதமிருந்த 44 சீட்டுகளில் இரண்டே, 22க்கு ஒன்று. வரிசைக்கு எதிராக ஒன்றுமில்லை. 9,000த்தோடு நின்றுவிடாது, கடைசிச் சீட்டில் மீதி முழுவதும் கேட்கப்படும். கவிழ்த்தபோது அவன் இழந்தது 4,300. கையில் மீந்தது 55,700.

“அவர்கிட்ட ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா?” என்றோம்.

“இருக்கலாம் மாமா. தெரியாது.”

அந்தத் ‘தெரியாது’ என்ற சொல்லில் வருத்தமில்லாததைக் கவனித்தோம். நமக்கோ அதை அறிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. எழுந்து போய் அம்முதியவரையே கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இலக்கியம் பயில்வோரின் குணம் அது. கதையின் முடிவு தெரிந்தாக வேண்டும். ஆட்டக்காரனுக்கு அக்கையின் முடிவு அவன் கவிழ்த்த இடத்தில் முடிந்துவிட்டது.

அக்கா ஃபீனிக்ஸிலிருந்து ஒவ்வோர் இடைவேளையிலும் அழைத்தாள். “கையில காசு இருக்கா?” என்று அவள் கேட்பது வில்லைகளைப் பற்றி. நல்ல சீட்டு வந்தும் கவிழ்த்துவிட்டான் என்று சொன்னோம். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. “நல்ல சீட்டையா?” என்று மட்டும் கேட்டாள்.

*

நிற்க. கவிழ்ப்பதே அறிவு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வனெஸா செல்ப்ஸ்ட் என்னும் ஆட்டக்காரரின் கதையை இங்கு சொல்லியாக வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். வேர்ல்ட் சீரிஸில் மூன்று முறை பட்டம் வென்றவர். 2017ஆம் ஆண்டு முதன்மைப் போட்டியின் முதல் நிலையிலேயே அவருக்கு இரட்டை ஏஸ் வந்தது. எதிரே பிரான்சு நாட்டின் காயெல் போமன். 2012இல் இதே போட்டியில் பத்தாம் இடம் வரை வந்தவர். ஃபிளாப்பில் ஓர் ஏஸும் ஒரு 7உம் விரிந்தன. செல்ப்ஸ்டிடம் மூன்று ஏஸ். நான்காவதாக வந்தது இன்னொரு 7. இப்போது அவர் கை ஃபுல் ஹவுஸ். மூன்று ஏஸும் இரண்டு 7உம். இதற்கு மேல் அவர் வேறெதை விரும்பியிருக்க முடியும்? போமன் கையில் இருந்தவை மற்ற இரண்டு 7கள். நான்கு 7கள் ஃபுல் ஹவுஸை வென்றன. ஓராண்டு காத்திருந்த போட்டி முதல் நிலையிலேயே முடிந்தது.

பையனின் கைக்கும் செல்ப்ஸ்டின் கைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. முன்னது இணையாகவே நின்ற இணை. பின்னது வளர்ந்த கை. அதை வெல்லக்கூடிய கைகள் மிகச் சில. அத்தகைய கையையும் கவிழ்த்துவிடுகிறவர் நாளடைவில் எதையும் வெல்லமாட்டார். அச்சத்தால் இரட்டை ராஜாவையே தொடக்கத்தில் கவிழ்க்கும் சிலர் உண்டு. ஒன்பது பேர் மேசையில், உங்களிடம் இரட்டை ராஜா இருக்கும்போது மற்ற எண்மரில் யாரேனும் ஒருவரிடம் இரட்டை ஏஸ் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 25க்கு ஒன்று. 25க்கு ஒன்றை எண்ணி 24ஐ விட்டுவிடுவது நிதானமாகாது. சரியாக ஆடி இழப்பது ஒருவகை. நல்ல சீட்டு வந்துவிட்டதே என்பதற்காக இழப்பது இன்னொரு வகை. செல்ப்ஸ்ட் இழந்தது முதல் வகை, தாத்தா இழந்தது இரண்டாம் வகை என்று நாம் எண்ணுகிறோம். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதுதான் துயரம்.

*

வகுப்பறையில் இருபதாண்டுக் காலம் நின்றவருக்கு இந்த இரண்டாம் வகையினர் அந்நியரல்லர். முதலாண்டில் சேரும்போதே யாப்பில் கைதேர்ந்து வரும் மாணவன் ஒருவன் எல்லா ஆண்டிலும் இருப்பான். பதினெட்டு வயதில் இதழில் கவிதை வெளிவந்திருக்கும்; ஆசிரியர்கள் பெயர் சொல்லி அழைப்பர். பையில் இரட்டை ஏஸோடு வந்து அமர்ந்தவன் அவன். அப்போது அவன்தான் முதல்வன் என்பதில் ஐயமில்லை. பொதுச் சீட்டுகள் விரியத் தொடங்குகின்றன. பக்கத்து இருக்கையில் எட்டும் ஏழுமாக வந்தவள் நூலகத்தில் வாசிக்கிறாள், எழுதுகிறாள், கிழிக்கிறாள். மூன்றாமாண்டில் அவள் எழுதுவதை இவன் எழுத முடிவதில்லை. இவன் சீட்டு மாறவில்லை, மேசை மாறிவிட்டது. அதை ஏற்காத மாணவன், பதினெட்டு வயதில் பாராட்டப்பட்ட அதே நடையைத் திரும்பத் திரும்பப் பந்தயம் வைக்கிறான். நாற்பது வயதிலும் முதல் தொகுப்பையே எழுதிக்கொண்டிருப்பவர்களை இதழ் வாசகர்கள் அறிவீர்கள். அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். திறமை தங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று நம்புபவர்கள்.

கிடைத்தற்கரியது கிடைத்தால் அதைக் கொண்டு செய்ய வேண்டியதைச் செய்தேயாக வேண்டும். பதுக்கி வைக்கக் கூடாது. விலையை உயர்த்த வேண்டும். கூட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பந்தயம் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் எதிரே ஒருவர் இரண்டு அடுக்கு வில்லைகளை நகர்த்தும்போது, கையிலிருப்பது இன்னமும் பெரியதுதானா என்று புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வந்த பொழுதில் பெரியதாயிருந்தது என்பது அக்கேள்விக்கு விடையாகாது.

இதைச் சூதுக்கான பரிந்துரையாக யாரும் கொள்ள வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் தமிழகத்துக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். 2025இல் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது நம் வீட்டில் முதலில் மகிழ்ந்தவள் அக்காதான். நேரடிப் போட்டி ஒன்றில் நுழைவுக் கட்டணத்துக்கு மேல் இழக்க வழியில்லை என்பதை அவளுக்கு விளக்க நாம் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. “தாத்தாவும் முதல்ல நாலணாதான் வச்சார்” என்பாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

பையன் அவ்வாண்டு இரண்டாம் நாளில் வெளியேறினான். பரிசுப் பட்டியலை எட்டவில்லை. கடைசிக் கையில் அவனிடம் இருந்தது ஏஸும் ராணியும். அதைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் அவன் பேசவில்லை. திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் காப்பி வாங்கித் தந்து, திங்களன்று அலுவலகத்தில் முடிக்க வேண்டிய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். ஆண்டுக்கு ஒரு போட்டி, அதற்கென்று தனியே சேர்த்த பணம், அது தீர்ந்தால் அடுத்த ஆண்டு என்ற வரையறையை இன்றும் மீறியதில்லை.

அக்கா அவனை மன்னிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஃபீனிக்ஸ் வீட்டில் அன்றிரவு அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அந்த ரெண்டு ஏஸ கவுத்தியே, அப்ப உனக்கு வயித்தெரிச்சலா இல்லையாடா?” என்று கேட்டாள். “இருந்துச்சும்மா” என்றான் அவன். அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.